சுகம் கிடைக்குமா என்று சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா?

போகவில்லை. சுகத்துக்கான விசுவாசம் என்பது "கட்டாயம் சரியாகிவிடும்" என்று மனதை இறுக்கிப் பிடிப்பது அல்ல, பயத்தோடாவது இயேசுவிடமே போய் நிற்பது. வலிக்கிற உடம்பு, தூக்கமில்லாத இரவு, கையில் மறுபடியும் அதே ஸ்கேன் ரிப்போர்ட், இதற்கு நடுவில் மனம் ஆடத்தான் செய்யும்.

பைபிளில் மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இயேசுவிடம் வருகிறார். சின்ன வயதிலிருந்தே தீயிலும் தண்ணீரிலும் விழுந்து தவிக்கிற மகன். "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் கேட்கிறார், அப்புறம் கண்ணீரோடு "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறார். ஒரே மூச்சில் இரண்டும்! இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் குணமானான். எனக்கு வேறு ஜெபம் வராத நாட்களில் இந்த ஒரு வரியைத்தான் சொல்வேன்.

காய்ச்சலில் எழுந்து மாடிப்படி இறங்கும்போது கை நடுங்கும், ஆனாலும் நம்மைத் தாங்குவது கைப்பிடிக் கம்பியின் உறுதிதானே, நம் பிடியின் பலம் இல்லையே.

சுகம் வரவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று சிலர் சொல்வார்கள், அது தவறு: அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டியும், "மாம்சத்தில் ஒரு முள்" என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் ஆண்டவரிடமிருந்து வந்தது.