அடர்த்தியான கூந்தலில் உலர் எலெக்ட்ரோடு (பேஸ்ட் இல்லாமல் வைப்பது) வைத்து இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்க முடியுமா? எந்த உலோகம் நல்லது?

முடியும். ஆனால் உலோகத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படுங்கள். நீங்கள் பயோமெடிக்கல் இறுதியாண்டு, "தங்க முலாம் போட்டா சிக்னல் சுத்தமா வரும்" என்று கைடு சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பொறியாளர் இல்லை, இஇஜி டெக்னீஷியன். தவறிருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். ஒரு தலையிலாவது எலெக்ட்ரோடு ஒட்டிப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

மூளை அலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். நடுவில் முடி நின்றால் அதுவும் போச்சு.

ஓர் ஆய்வுக் குழு எங்கள் துறைக்குச் சீப்புப் பல் போன்ற உலர் எலெக்ட்ரோடுகளோடு வந்தது. அதுவரை அவர்கள் சோதித்ததெல்லாம் கிராப் வெட்டிய பையன்கள் தலையில். இங்கே வந்த அம்மாவுக்கோ இடுப்பு வரை கூந்தல், எண்ணெய் வேறு. பற்கள் முடிமேலேயே நின்றுவிட்டன. திரை முழுக்க 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். அடுத்த முறை பல்லை நீட்டி, முனையைக் கூராக்கிக் கொண்டுவந்தார்கள். தோலைத் தொட்டது, இரைச்சலும் அடங்கியது. ஆனால் உட்கார்ந்திருந்த பெண் வலி தாங்காமல் தாடையை இறுக்கிக்கொண்டார். "பீட்டா அருமையா வருது" என்றார் குழுவில் ஒருவர், வேகமான மூளை அலை ஒன்றைச் சொல்கிறார். "சார், அது பீட்டா இல்ல, தாடைச் சதை" என்றேன்.

முனையை உருட்டச் சொன்னேன். பற்களைக் கூட்டினால் அழுத்தம் பங்கிடப்படும், ஆனால் நெருக்கிவிடாமல் முடி ஒதுங்க வழி விடுங்கள் என்றேன். செய்தார்கள், வேலை செய்தது. கட்டுரை வந்தபோது நன்றி வரியில்கூட என் பெயர் இல்லை. அது போகட்டும், எங்கள் பணியாளர் பட்டியலிலேயே நாங்கள் 'இதரர்'தான். ராத்திரி ஐசியுவில் கூப்பிட்டால் மட்டும் பெயர் ஞாபகம் வரும். ஓவர்டைம் கேட்டால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள், இன்னும் கீழே வரவில்லை.

உலோகத்துக்கு வருகிறேன். வெள்ளி-வெள்ளி குளோரைடில் மின்னழுத்தம் நிலையாக நிற்கும், அதனால் மெதுவான அலைகளில் அடித்தளம் அலையாது. தங்கம் அந்த விஷயத்தில் கொஞ்சம் மட்டம். வழக்கமான இஇஜிக்குத் தாராளமாகப் போதும், எங்களிடமும் தங்கக் கிண்ணங்கள் உண்டு. உலர் பற்களில் வெள்ளி குளோரைடு பூச்சு உரசி உரசித் தேய்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே தலையில் இரண்டு உலோகத்தைக் கலக்கவே கலக்காதீர்கள்.

"இப்போதைய ஆம்ப்ளிஃபையருக்கு, இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள மின் தடுப்பு) 5 கிலோ ஓமுக்குள் இருக்கணும் என்ற கணக்கெல்லாம் எதற்கு?" என்று கேட்க வருவீர்கள், தெரியும். இம்பீடன்ஸ் அதிகமாக இருப்பதை அது சமாளிக்கும். ஆனால் ஓர் எலெக்ட்ரோடில் குறைவு, பக்கத்தில் பல மடங்கு என்றிருந்தால், இரண்டுக்கும் பொதுவாக வரும் கரண்ட் இரைச்சல் கழிபடாமல் சிக்னலிலேயே ஏறும்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, சுருட்டை முடிக்காரர்களின் தலையில் வரிவரியாகப் பின்னி, அந்தப் பின்னலே எலெக்ட்ரோடைத் தோலோடு அழுத்திப் பிடிக்கும்படி வடிவமைத்து 2020இல் வெளியிட்டது. முடியை எதிரியாகப் பார்க்காத அந்த யோசனையைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, மற்ற எலெக்ட்ரோடுகளை ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடை மட்டும் காதுக்குப் பின்னால், முடியில்லாத இடத்தில், பேஸ்ட் போட்டே ஒட்டுங்கள். அது கெட்டால் எல்லா சேனலும் சேர்ந்து கெடும்.