செபிக்குப் பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு கம்பெனியின் பங்குகளைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் பணம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. "தப்பு செய்யாதவன் எதுக்குப் பணம் கட்டுறான்? வித்துடுங்க" என்கிறான் மகன். விற்றுவிடவா? கட்டிய பணத்தில் எங்களுக்கும் பங்கு வருமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. விவகாரத்தை முடித்துக்கொள்ளக் கட்டும் சமரசத் தொகை இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. முறைகேடாகச் சம்பாதித்த லாபத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தால் மட்டும் அந்தப் பகுதிக்கு வேறு கணக்கு.

சரி, மகன் சொல்வதற்கு வருவோம். செபியின் சமரச உத்தரவில் அநேகமாக எப்போதும் ஒரு வரி இருக்கும்: செபி கண்டறிந்த உண்மைகளையும் சட்ட முடிவுகளையும் 'ஏற்காமலும் மறுக்காமலும்' விண்ணப்பதாரர் சமரசம் கோரியிருக்கிறார் என்று. ஆக, இதை வைத்துக் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. "எங்கள் மேல் தவறில்லை என்று செபியே சொல்லிவிட்டது" என்று கம்பெனிக்காரர்கள் மார்தட்டவும் முடியாது. 2024 அக்டோபரில் தேசியப் பங்குச்சந்தையே சுமார் 643 கோடி ரூபாய் கட்டி, டேப் என்ற வர்த்தக மென்பொருள் விவகாரத்தை இப்படித்தான் முடித்துக்கொண்டது. வருடக்கணக்கில் இழுக்கும் விசாரணை, வக்கீல் செலவு, தலைக்கு மேல் தொங்கும் நோட்டீஸ் எல்லாவற்றையும் யோசித்தால், தப்பு செய்தவரும் கட்டுவார், செய்யாதவரும் கட்டுவார்.

தொகையைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். அது பேரம் பேசி வந்த எண் அல்ல. என்ன மீறல், எந்தக் கட்டத்தில் விண்ணப்பித்தார்கள், முன்பு ஏதாவது நடவடிக்கை உண்டா என்பதையெல்லாம் வைத்துக் கணக்கிட செபியின் 2018ஆம் ஆண்டு சமரச விதிமுறைகளிலேயே வழி இருக்கிறது.

செய்தித் தலைப்பையும் கம்பெனி பங்குச்சந்தைக்கு அனுப்பிய நாலு வரி அறிவிப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, செபி இணையதளத்தில் அந்த உத்தரவையே எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் சில பக்கம்தான். விண்ணப்பதாரர் யார் என்று முதலில் பாருங்கள். தலைப்பில் கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே போனால் சில சமயம் எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு அதிகாரி மட்டும் இருப்பார். புரமோட்டரே, அதாவது கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே இருந்தால் கதை வேறு. அடுத்து, எந்த விதியை மீறியதாகக் குற்றச்சாட்டு? ஒரு தகவலைப் பங்குச்சந்தைக்குத் தாமதமாகச் சொன்னது ஒரு ரகம். வெளியே அறிவிக்காத கம்பெனியின் உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்றது, கணக்கைத் திரித்தது எல்லாம் முற்றிலும் வேறு ரகம். நோட்டீஸ் எந்த வருடத்துச் சம்பவத்தைப் பற்றியது என்பதும் அதிலேயே இருக்கும். பல சமயம் அது பழைய சங்கதி.

பணம் தவிர வேறு நிபந்தனை உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குச் சந்தையில் வர்த்தகம் செய்யமாட்டேன் என்று யாராவது ஒப்புக்கொண்டிருந்தால், எனக்கு அது கோடிக்கணக்கான தொகையைவிடப் பெரிய சேதி. கடைசிப் பத்தியையும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பதாரர் சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தாலோ, நிபந்தனையை மீறினாலோ செபி மறுபடி நடவடிக்கை எடுக்கலாம் என்று அங்கே இருக்கும்.

தாமத அறிவிப்பு மாதிரி விஷயம், தொகையும் கம்பெனியின் லாபத்தில் கடுகளவு என்றால், இதற்காக மட்டும் நான் விற்கமாட்டேன். கணக்கு வழக்கிலோ உள்தகவல் வர்த்தகத்திலோ புரமோட்டர் பெயர் அடிபட்டிருந்தால், உங்கள் மகன் சொல்கிற காரணம் தவறாக இருந்தாலும் அவர் சொல்கிற முடிவை உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.