சுண்ணாம்புக்கல் மலைக்குப் போகிறீர்களா? எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

கேள்வி: நண்பர்களோடு சுண்ணாம்புக்கல் மலைப் பாதை ஒன்றில் நாள் முழுக்க நடக்கப்போகிறேன். கடையில் தண்ணீர் புகாத, கணுக்காலை மூடும் ஷூவைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். விலை கூடுதல். அது அவசியமா?

பதில்: கடைக்காரர் ஷூவின் மேல்பாகத்தைக் காட்டித்தான் விலை சொல்வார். நீங்கள் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அதனால் ஆள் போகாத இடத்தில் பாறை விளிம்பெல்லாம் கூராக நிற்கும். நிறையப் பேர் நடந்த பாதையிலோ அதே கல் தேய்ந்து பளபளத்துவிடும், நனைந்தால் நிற்க முடியாத அளவுக்கு வழுக்கும். ஒரே நாளில் இரண்டையும் மிதிக்க வேண்டி வரும்.

ஆகவே சோல் ரப்பர் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும். அது சீக்கிரம் தேயும். தேயட்டும், பிடிப்புக்குக் கொடுக்கும் விலை அது. விரல் பகுதியைச் சுற்றி ரப்பர் பட்டை இருந்தால் நல்லது, வெறும் வலைத்துணி ஷூவைக் கூரான கல் கிழித்துவிடும். தண்ணீர் புகாத ரகம் குளிரிலும் ஈரப் புல்லிலும் உதவும். வெயில் காலத்தில் வியர்வை உள்ளேயே தங்கும், மேல்வழியாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் காய நேரமாகும். கோடையில் போகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண் என்பேன். உயரமான ஷூ கணுக்கால் கல்லில் உரசாமல் காக்கும், சுளுக்கே வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு, ஒரு சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம்.

இன்னொன்று. பாதி விலைத் தள்ளுபடியில் வரும் பழைய சரக்கில் ஜாக்கிரதை. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரிதேன் நுரையால் ஆனது. பெட்டியைவிட்டு எடுக்காமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதைச் சில வருடங்களில் சிதைத்துவிடும். பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், நடுவழியில் சோல் கழன்று கையோடு வரும். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: மலையில் மழை அதிகம், ஊற்றும் உண்டு என்கிறார்கள். ஒரு பாட்டிலும் ஒரு ஃபில்டரும் போதாதா?

பதில்: போதாது. சுண்ணாம்புக்கல் மலையில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிவிடும், மேலே பெரும்பாலும் ஓடை இருக்காது. அடிவாரத்தில்தான் ஊற்றாக வெளிவரும். நாள் முழுக்கத் தேவையான தண்ணீரைச் சுமந்து போவதாகவே கணக்குப் போடுங்கள்.

அந்த ஊற்று நீரும் கண்ணாடி மாதிரித் தெரிவதால் சுத்தம் என்று ஆகாது. மணலில் மெதுவாக ஊறி வடிகட்டப்படும் நீர் அல்ல அது. குழாயில் ஓடுவதுபோல வெடிப்புக்குள் வேகமாக வருகிறது, மேலே ஆடுமாடு போட்ட கழிவையும் சேர்த்துக்கொண்டு. துளை அளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான் என்று போட்ட ஃபில்டர் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும். வைரஸ் அதைவிடச் சின்னது, தப்பிவிடும். குளோரின் மாத்திரையோ கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் தோற்கும். சந்தேகமிருந்தால் நன்றாகத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிடுங்கள், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். மயிரிழை போன்ற குழல்கள் நிறைந்த நுண்குழல் ஃபில்டர் ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. குளிர் இரவில் அதைப் பையில் விடாமல் தூங்கும்போது உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. மலைக்கும் அதையே போடலாமா? நண்பர் ஒருவர் தன் பழைய மலையேற்ற ஹெல்மெட்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார்.

பதில்: புல்வெளிப் பாதைக்கு எதுவும் வேண்டாம். செங்குத்துப் பாறையின் அடியில் நடக்கவோ, கையூன்றி ஏறவோ வேண்டியிருந்தால் வேண்டும், வெடிப்பில் உறையும் நீர் கல்லைப் பெயர்த்து மேலிருந்து உருட்டிவிடும். சைக்கிள் ஹெல்மெட் நீங்கள் விழுவதற்காகச் செய்தது, மேலிருந்து கல் விழுவதற்காக அல்ல. இ.என். 12492 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டதை வாங்குங்கள். நண்பருடையதில் தயாரித்த தேதி பாருங்கள், அடிபட்டதா என்று கேளுங்கள். நுரைக்குள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சரியான பதில் வராவிட்டால் நட்பை வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘மண்ணில் மக்கும்’ என்று எழுதிய சோப்பை ஊற்றில் பயன்படுத்தலாம்தானே?

பதில்: கூடாது. மக்குவதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேண்டும், ஓடும் தண்ணீரில் அது நுரையாகவே போய்ச் சேரும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி மண்ணில் கொட்டுங்கள். கழிப்பறை விஷயத்திலும் குழி தோண்டிப் புதைக்கும் வழக்கமான யோசனை இங்கே சரிப்படாது. பாறைமேல் மண் சில அங்குலம்தான் இருக்கும், அடியில் இருப்பது யாரோ குடிக்கும் தண்ணீர். கழிவை அடைத்துக் கீழே கொண்டுவருவதற்கென்றே பைகள் விற்கிறார்கள். கூச்சப்படாமல் வாங்குங்கள்.

கேள்வி: குகைக் கூரையில் சொட்டும் நீரின் சுண்ணாம்பு படிந்து தொங்கும் கல்விழுதை உடைத்துத் துண்டுகளாக விற்கிறார்கள். நினைவாக ஒன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான குகைகளில் அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, விரல் நீளத் துண்டு உருவாகப் பல நூறு வருடங்கள் ஆகலாம். பல நாடுகளில் உடைப்பது குற்றம், விற்றவர் உங்களோடு சுங்கச் சோதனைக்கு வரமாட்டார். குகைக்குள் இருப்பதைக் கையால் தடவவும் வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டுவது கெட்டு, வளர்ச்சி தடைபடும்.