முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது; அடுத்ததற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர் எழுதியது: முதல் குழந்தை எட்டாம் மாதமே, 1.9 கிலோவில் பிறந்தது. இப்போது பதினொரு மாதம். 'கையோடு அடுத்ததையும் பெத்துடு' என்கிறார்கள் வீட்டில். அதுவும் இப்படியே பிறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தங்கச்சி, இருபது வருடத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போனவள் நான். உங்கள் பயம் நியாயமானது. ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவருக்கு அடுத்ததும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். அதைக் குறைக்க உங்களுக்கு வேண்டியது காலம். 'கையோடு' என்ற ஒரு வார்த்தையில் அதைத்தான் உங்களிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

பிரசவமாகிக் குறைந்தது 24 மாதம் போன பிறகே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 18 மாதத்துக்குள் கரு தங்கினால் குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் கர்ப்பப்பையின் பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது. குழந்தை வயிற்றில் இருந்தபோது உங்கள் இரும்புச்சத்தையும் ஃபோலிக் சத்தையும் எடுத்துக்கொண்டுதான் வளர்ந்தது. அந்தச் சத்து உடம்பில் திரும்பச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

'பால் கொடுக்கிறேன், கரு தங்காது' என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் அது பொருந்தும். உங்களுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. கருத்தடைக்குக் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாமே அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். பால் கொடுப்பவருக்கும் ஒத்துவரும்.

அடுத்தது ரத்தசோகை. நான் அதிகம் போராடியது இதோடுதான். ஒரு வீட்டில் இரண்டாவது கர்ப்பம், மூத்தது இன்னும் இடுப்பில். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8 தான். மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால் தலையை ஆட்டினாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், முதல் பிரசவத்துக்குப் பிறகு நான் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தன. ஒரே ஒரு அட்டையில் நாலு மாத்திரை மட்டும் காலி.

"கருப்பா வெளிக்குப் போகுதுன்னு அத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க நர்ஸம்மா" என்றாள்.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கருப்பாகத்தான் போகும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. அதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குழந்தை 2 கிலோகூட இல்லாமல் பிறந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டிலும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்காமல் நான் மாத்திரை கொடுத்ததில்லை.

பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இந்த மாத்திரை சாப்பிட வேண்டும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் 12-க்கு வரட்டும். வந்த பிறகும் மூன்று மாதம் நிறுத்தாதீர்கள், அப்போதுதான் கையிருப்பு சேரும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். முருங்கைக்கீரை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் நல்லதுதான், ஆனால் கீரை மட்டும் 8-ஐ 12 ஆக்காது. அப்புறம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா? பிரசவமாகி ஆறு வாரத்தில் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இப்போது பாருங்கள், பிறகு வருடம் ஒருமுறை. நாள் தள்ளிப்போனது தெரியும் முன்பே குழந்தையின் இதயமும் தண்டுவடமும் உருவாகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் சர்க்கரை ஏறியிருக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் தைராய்டும் இப்படித்தான், முன்கூட்டியே கட்டுக்குள் வர வேண்டும். ஃபோலிக் அமிலத்தையும் முயற்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், அளவை டாக்டர் சொல்வார்.

முக்கியமாக, ஏன் எட்டாம் மாதமே பிறந்தது என்று கேட்டீர்களா? அழுத்தம் ஏறியதா, சிறுநீர்த் தொற்றா, கர்ப்பப்பை வாய் பலவீனமா? காரணத்தைப் பொறுத்துதான் அடுத்த முறை சிகிச்சை. அழுத்தம்தான் காரணம் என்றால் மூன்றாம் மாத முடிவிலிருந்தே சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள்.

அதனால் முதல் பிரசவத்தின் அட்டை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போடப் போகும்போது அவற்றைக் கையோடு எடுத்துப்போங்கள். அங்கேயே உங்கள் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வருடம் ஏன் பொறுக்க வேண்டும் என்பதை டாக்டரே அவரிடம் சொல்லட்டும்.