பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு டைமிங் வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பழைய ஆறு சிலிண்டர் டீசல் லாரியில் இன்லைன் பம்பை (சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) கழற்றி, பெஞ்சில் சரிபார்த்து, திரும்ப மாட்டினோம். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. பம்பை எஞ்சின் பக்கம் கொஞ்சம் தள்ளி, சத்தத்தைக் கேட்டுச் சரி செய்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறையும் டைமிங் (டீசல் சிலிண்டருக்குள் பாயும் நேரம்) பின்தங்கியதற்குப் பொருந்துகின்றன, மெக்கானிக்கின் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் காதால் டைமிங் வைத்தால், லோடு இல்லாத எஞ்சினில் நாலைந்து டிகிரி கூடுதலாக முன்னே போனாலும் நன்றாகவே ஓடுவது போல் தெரியும். லோடு ஏற்றி மேடு ஏறும்போதுதான் கடகடவென்று அடிக்கும். அந்த அடியை வாங்குவது ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் பேரிங்கும்.

பம்பைத் தொடும் முன் இரண்டு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது ஏர். பம்பைக் கழற்றி மாட்டிய வண்டியில் டீசல் லைனில் எங்காவது காற்று இழுத்தால் இதே தொல்லைகள்தான் வரும். வாஷர்களைப் புதிதாகப் போட்டு, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். இரண்டாவது நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை. எஞ்சின் ஓடும்போது பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள் (கையைத் தள்ளி வையுங்கள், பீய்ச்சும் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும்). குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைத் தளர்த்தும்போது மட்டும் புகையோ அடியோ நின்றால் அது நாசில் கோளாறு. டைமிங் பிசகினால் ஆறு சிலிண்டரும் சேர்ந்தே பாதிக்கும். மற்ற ஐந்துக்கும் உள்ள இடைவெளியை பெஞ்சிலேயே வைத்திருப்பார்கள். எஞ்சினில் நாம் வைப்பது முதல் சிலிண்டருக்கு மட்டும்தான்.

சரி, டைமிங்தான் என்று முடிவாகிவிட்டால் ஸ்பில் முறையில் (பம்பிலிருந்து ஒழுகும் டீசல் நிற்கும் இடத்தைப் பார்த்து) வையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னே என்பது எஞ்சின் பிளேட்டில் அல்லது அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். பக்கத்து வண்டியின் கணக்கை எடுக்காதீர்கள். ஒரே எஞ்சினிலேயே பம்பும் நாசிலும் மாறினால் டிகிரியும் மாறும்.

முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிவில் இருக்க வேண்டும். 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் ராக்கிங் நிலையில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு சுற்று தவறினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, புகை மட்டும் வரும். உங்கள் வண்டி ஓடுகிறது என்பதால் அந்தத் தவறு இல்லை. கியரில் ஒரு பல் மாறியிருக்கலாம். பம்ப் கியரில் 50 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு பம்பில் 7.2 டிகிரி. பம்ப் பாதி வேகத்தில் சுழல்வதால் கிராங்கில் அது 14.4 டிகிரி ஆகிவிடும். பம்ப் போல்ட் நுழையும் நீள்துளை இடத்துக்குள் இவ்வளவு சரிக்கட்டுவது பெரும்பாலும் முடியாது. கியரைத் திறந்து பல்லை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது மார்க், அதாவது பிஸ்டனின் உச்சியைக் காட்டும் கோடு. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். புல்லியில் இருக்கும் மார்க்கை அப்படியே நம்பாதீர்கள். ரப்பர் வைத்த டாம்பர் புல்லியில் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் நழுவிவிடும், மார்க்கும் கூடவே போகும். ஃப்ளைவீல் மார்க் இருந்தால் அதையே பாருங்கள். சந்தேகம் வந்தால், பிஸ்டன் மேலே இருக்கும்போது முதல் சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வை பிஸ்டன் மேல் உட்கார வைத்து, டயல் கேஜால் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். உச்சியில் முள் சற்று நேரம் அசையாமல் நிற்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடத்தைக் குறித்து, நடுவை எடுங்கள். வால்வு உள்ளே விழாதபடி தண்டில் ஒரு கிளிப் மாட்டிவிடுங்கள், அதிகம் சுற்றவும் வேண்டாம். டிகிரி கோடு இல்லாத புல்லியில் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 300 மி.மீ. விட்டமுள்ள புல்லியில் அது சுமார் 2.6 மி.மீ.

இனி பம்ப். முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வ் ஹோல்டரை (பம்பில் டீசல் பைப் மாட்டும் முனை) கழற்றி, உள்ளே உள்ள ஸ்பிரிங்கையும் வால்வையும் மட்டும் எடுத்து, சுத்தமான டீசலில் போட்டு வையுங்கள். சீட் அங்கேயே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதில் வளைந்த ஒரு சிறு பைப்பைப் பொருத்துங்கள். தூசி ஒரு துளி உள்ளே போனாலும் பம்ப் வீணாகும், வேலைக்கு முன் சுற்றிலும் கழுவிவிடுங்கள். ஸ்டாப் லீவர் இழுபட்டிருக்கக் கூடாது. ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) ஓட்டத்துக்கான ஃபுல் லோடு நிலையில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டிங்குக்குக் கூடுதல் டீசல் விடும் நிலையில் நிற்கக் கூடாது. சில பம்புகளின் பிளஞ்சரில் (டீசலை அழுத்தும் தண்டில்) ஸ்டார்ட்டிங்குக்கென்று தனி வெட்டு இருக்கும், அந்த நிலையில் பார்த்தால் டைமிங் பின்னால் இருப்பது போலக் காட்டும்.

கைப்பம்பை ஒருவர் அடிக்க, பைப்பில் டீசல் தாரையாக ஒழுகும். கிராங்கை ஓடும் திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். தாரை மெலிந்து, அறுந்து, சொட்டாக மாறும் அந்த நொடியில் பிளஞ்சர் துளையை மூடிவிட்டது. அங்கே நிறுத்தி, மேனுவல் சொல்லும் டிகிரியில் நிற்கிறதா என்று மார்க்கைப் பாருங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் பின்னே திருப்பி நிறுத்தாதீர்கள். கியர் பற்களுக்கிடையே இருக்கும் ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னே போய், மறுபடி முன்னே வாருங்கள். இரண்டு தடவை பார்த்து ஒரே இடம் வந்தால்தான் நம்பலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது? எஞ்சின் பக்கம், வெளிப்பக்கம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பம்ப் ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராக பம்ப் உடலைத் திருப்பினால் அட்வான்ஸ் (டைமிங் முன்னே போகும்), அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பின்னே போகும்). கப்ளிங் (பம்பை எஞ்சினோடு இணைக்கும் தட்டுகள்) உள்ள வண்டியில் பம்ப் பக்கத்துத் தட்டை அது சுழலும் திசையில் நகர்த்தினால் அட்வான்ஸ். எல்லா பைப் நட்டையும் தளர்த்தாமல் பம்பைத் தள்ளாதீர்கள், பைப் வெடிக்கும். பம்ப் 3 டிகிரி நகர்ந்தால் கிராங்கில் 6 டிகிரி மாறும் என்பதால் தட்டித் தட்டித்தான் நகர்த்த வேண்டும். போல்ட்டை முழுதாக முறுக்கிய பிறகு இன்னொரு தடவை சொட்டைப் பாருங்கள், முறுக்கும்போதே பம்ப் அசைவதுண்டு.

பிறகு வால்வையும் ஸ்பிரிங்கையும் பழையபடி மாட்டி, ஹோல்டரை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு முறுக்கி, ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புகை போயும் இழுவை வரவில்லையென்றால் டைமிங்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியைப் பாருங்கள். பெடலை முழுக்க மிதிக்கும்போது பம்ப் லீவர் கடைசிவரை போகிறதா, ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி ராக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் பார்த்தால் போதும்.