டேட்டா சஃபிஷியன்சி: கணக்கை எங்கே நிறுத்துவது?

குவான்ட் (கணக்குப் பகுதி) நன்றாக வருகிறது, எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட்டின் மாதிரித் தேர்வுகளில் டேட்டா சஃபிஷியன்சி மட்டும் காலை வாரிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பழகிய பொறியியல் மாணவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். ஒரு கேள்வியும் அதன் கீழே இரண்டு கூற்றுகளும் தருவார்கள். இங்கே விடையை யாரும் கேட்கவில்லை. அந்தக் கூற்றுகளில் கொடுத்த தகவலை வைத்து ஒரே விடைக்கு வர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று தெரிந்த நொடியில் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகள் குவான்ட்டை விட்டு, தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போய்விட்டன. 45 நிமிடத்தில் 20 கேள்வி; சராசரியாக 2 நிமிடம் 15 விநாடி. கூடவே வரும், பல தகவல் பக்கங்களைப் படித்து விடை சொல்ல வேண்டிய மல்டி சோர்ஸ் ரீசனிங் நேரத்தைத் தின்னும் என்பதால் இதை 2 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் இந்தக் கேள்விகளில் கை அதைத் தேடினால், பெரும்பாலும் தேவையில்லாத கணக்கில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஐந்து விடைகளும் எப்போதும் மாறாதவை. மனப்பாடம் செய்துவிடுங்கள். ஏ: கூற்று 1 மட்டும் போதும். பி: கூற்று 2 மட்டும் போதும். சி: இரண்டும் சேர்ந்தால்தான் போதும். டி: எதை எடுத்தாலும் அது தனியாகவே போதும். இ: சேர்த்தாலும் போதாது. கூற்று 1 போதும் என்றால் மிச்சம் ஏ, டி மட்டுமே. போதாது என்றால் பி, சி, இ. கூற்று 2 சுலபமாகத் தெரிந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்: போதும் என்றால் பி, டி, போதாது என்றால் ஏ, சி, இ. இன்னொரு கூற்று தலைகீழாக நின்றாலும் புரியவில்லையா? குருட்டாம்போக்கில் குறித்தாலும் ஐந்தில் ஒன்று என்றிருந்தது இரண்டிலோ மூன்றிலோ ஒன்று ஆகிவிடும்.

அதிக மதிப்பெண் போவது சி-யில்தான். ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒருவர் 7 ரூபாய்ப் பேனாவும் 5 ரூபாய்ப் பென்சிலும் மட்டும் வாங்கினார். பேனா எத்தனை? கூற்று 1: மொத்தச் செலவு 41 ரூபாய். கூற்று 2: மொத்தம் 7 பொருட்கள். இரண்டு மாறிகள், ஆகவே இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று சி-யைக் குறிப்பவர்கள் ஏராளம். ஆனால் பேனாவை அரையாக வாங்க முடியாது. 41-லிருந்து 7, 14, 21, 28, 35 எனக் கழித்தால் 34, 27, 20, 13, 6. இதில் 5-ஆல் வகுபடுவது 20 மட்டுமே. பேனா 3, பென்சில் 4. கூற்று 1 தனியாகவே போதும், விடை ஏ. அதே கேள்வியில் 41-க்குப் பதில் 61 என்று வைத்தால் 3 பேனா 8 பென்சிலும் வரும், 8 பேனா 1 பென்சிலும் வரும். கூற்று 2-ஐ 9 பொருட்கள் என்று மாற்றினால், இப்போது சி. கேள்வி அதேதான், மாறியது கூற்றுகளில் இருந்த எண்கள் மட்டுமே. அதனால் முழு எண், மிகை எண் என்று மறைந்திருக்கும் நிபந்தனையைப் பார்க்காமல் சமன்பாடுகளை எண்ணாதீர்கள்.

ஆம்-இல்லை கேள்விகளில் வேறு சறுக்கல். ‘என் என்ற முழு எண் இரட்டைப்படையா?’ என்று கேட்டு, அதன் வர்க்கம் ஒற்றைப்படை என்று கூற்று சொன்னால், பதில் உறுதியான ‘இல்லை’. உறுதியான ‘இல்லை’யும் போதுமானதே. சில நேரம் ஆம், சில நேரம் இல்லை என்று வந்தால்தான் போதாது.

அதை நிரூபிக்க எண்களைப் போட்டுப் பார்ப்பதே வேகமான வழி. ‘எக்ஸ், ஒய்-யைவிடப் பெரியதா?’ கூற்று: எக்ஸை ஒய்-ஆல் வகுத்தால் 1-ஐவிட அதிகம். 6, 3 போட்டால் ஆம். -6, -3 போட்டால் வகுத்து வருவது அதே 2, ஆனால் பதில் இல்லை. கூற்றை உடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 0, 1, -1, அரை, மைனஸ் அரை ஆகியவற்றை முதலில் போடுங்கள். 2, 3, 4 என்று பத்து எண் போட்டாலும் ஒன்றும் வெளிவராது.

கூற்று 2-ஐப் படிக்கும்போது 1-ஐ மறந்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டும் போதவில்லை என்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். இதில் ஒரு இலவசச் சோதனையும் உண்டு: இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படவே படாது. ஒன்றில் எக்ஸ் 3 என்றும் மற்றதில் 5 என்றும் வந்தால் தவறு உங்கள் கணக்கில்தான். டி குறிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சிக்குப் பழைய புத்தகங்கள் தாராளமாகப் போதும், கேள்வியின் வடிவம் அதேதான். கணக்கே இல்லாத, தர்க்கம் மட்டும் கேட்கும் கேள்விகள் இப்போது வருகின்றன. அவற்றுக்கு மட்டும் புதிய மாதிரித் தேர்வுகளைப் பாருங்கள். தவறான ஒவ்வொன்றுக்கும் நோட்டில் காரணத்தை எழுதுங்கள்: அவசரப்பட்டு சி குறித்தது, கூற்று 1 ஒட்டிக்கொண்டது, பூஜ்யத்தை அல்லது எதிர்ம எண்ணை விட்டது, கேள்வியையே தவறாகப் படித்தது, சூத்திரம் தெரியாதது. கடைசி வகைக்குத்தான் மறுபடி பாடம் படிக்க வேண்டும்.

தேர்வில் ஒரு பகுதிக்கு மூன்று விடைகளை மட்டுமே பின்னால் மாற்ற முடியும். இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஒன்றைக் குறித்து, புக்மார்க் போட்டு நகர்ந்துவிடுங்கள். கடைசியில் ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டால் அதற்குத் தனியாக மதிப்பெண் குறையும்.