ஏரிக் கல்லில் வெள்ளைப் படிவு: மாக்னசைட்டா?

தம்பி, சேலம் மூக்கனேரிக் கரையில் எடுத்த கல்லில் இருக்கும் வெள்ளைப் படிவு சுரங்கத்து மாக்னசைட்டா (மக்னீசியம் கார்பனேட் கனிமம்) என்று கேட்டிருந்தீர்கள். சுரண்டிப் பொடியாக்கி வினிகர் விடுங்கள். கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) நுரைக்கும், மாக்னசைட் ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

வெள்ளைக்கு அடியில் பச்சை தெரிவதால் கால்சைட் என்றே நினைக்கிறேன். சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை நுண்ணுயிர்) வெயிலில் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை இழுக்கும்போது காரத்தன்மை கூடும். கரைந்திருந்த கால்சியம் அந்த நுண்ணுயிரின் வழவழப்பான உறைமேலேயே கார்பனேட்டாகப் படியும். ஆனால் நுண்ணுயிர்தான் படியவைத்தது என்பதற்கு நுரை மட்டும் சாட்சியாகாது, தண்ணீர் வற்றினாலும் கால்சைட் படியும். ஒரு துண்டை வினிகரில் முழுக்கக் கரையவிட்டு, மிஞ்சும் சவ்வை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பச்சை இழைகள் பின்னிக் கிடந்தால் நல்ல ஆதாரம்.

அப்புறம், சேலத்து மாக்னசைட் பாறை வெடிப்புகளில் உருவானது. துருக்கியின் சால்டா ஏரியிலோ நுண்ணுயிர்களே ஹைட்ரோமாக்னசைட் (நீர் சேர்ந்த மக்னீசியம் கார்பனேட்) திட்டுகளை வளர்க்கின்றன. அங்கும் சுற்றிலும் மக்னீசியம் மிகுந்த பாறைதான். புராஜெக்டில் இந்த ஒப்பீட்டை அவசியம் சேருங்கள்.